இரண்டாவது பதிவு

அத்தியாயம் பதினான்கு

"திங்கக்கிழம நானே வந்து வில்லங்கம் வாங்கிக்கிறேன். நீ அலையாத. நீ தாத்தாவப் பாரு."

போன வாரம் சிதம்பரத்திலிருந்து போன் செய்த கலியமூர்த்தி கடைசியாகச் சொன்னது இது. சித்தப்பா சொன்னதிலேயே அருள்முருகன் நான்கு நாளாக நின்றுகொண்டிருந்தான். இன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை ரிஜிஸ்ட்ரார் வீட்டுக்கே வந்து, தாத்தா வீட்டை மூன்று பங்காக எழுதிக் கொடுப்பதைப் பதிவு செய்வதாகச் சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார்.

வில்லங்கச் சான்று என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் பேரில் இதுவரை யார், யாருக்கு, என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வரிசையாக அச்சடித்துக் கொடுக்கும் காகிதம். பத்திர ஆபீஸில் மனுப் போட்டால் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அருள்முருகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும், அது எப்படி வந்தது என்று குடும்பத்திலேயே தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

தாத்தா பொன்னுரங்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பத்து மூன்று. வயிற்றில் கட்டி. "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயி, கேக்கறதக் குடுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கடலூர் முதுநகர் வீட்டின் உள்ளறையில், தண்ணீர் மெத்தையில் படுத்திருக்கிறார். அந்த வீடு அவர் கம்பம் ஏறிச் சம்பாதித்துக் கட்டியது.

குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, மூத்திரப் பையை மாற்றுவது எல்லாம் பேரன்தான். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன், அதைப் பாதி விட்ட மாதிரிதான் இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் அவன் படிக்கிற வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது தாத்தா.

காலையில் புண்ணுக்கு மருந்து வைக்க வந்த நர்ஸம்மா, வழக்கமாகச் சொல்வதை இன்றும் சொன்னார்.

"முதுகுப் புண்ணு ஆறுது பாருங்க. பெத்த புள்ளைங்களே பாக்காத காலம் இது. பேரனா பொறந்து இப்பிடிப் பாக்கறீங்களே தம்பி, உங்களுக்கு ஒரு கொறையும் வராது."

அருள்முருகன் பழைய பஞ்சை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். யாராவது திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் புகழ்வதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவன் செய்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், 2009-இல், தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தினம் மாலை பேப்பரை இவன்தான் வாசித்துக் காட்டுவான். அப்போது ஒருநாள் அவர், "எனக்கப்புறம் நீங்க மூணு பேரும் அடிச்சிக்கக் கூடாது. சமமா மூணு பங்குன்னு உயில் எழுதிடறேன், ஏற்பாடு பண்ணு" என்றார்.

மூன்று பங்கு. சித்தப்பாவுக்கு ஒன்று, குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தைலம்மாள் அத்தைக்கு ஒன்று, செத்துப்போன அப்பாவின் பங்கு இவனுக்கு. நியாயமான பேச்சு. ஆனால் அந்தச் சமயத்தில் இரண்டு இடத்தில் பெண் கேட்கப் போனபோது, "சொந்த வீடு உண்டா? பையன் பேர்ல உண்டா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் கூடமும் இல்லை, சமையலறையும் இல்லை. சித்தப்பா வந்து விற்கலாம் என்றால் விற்க வேண்டியதுதான்.

பத்திரம் எழுதியவரிடம் அவன் வேறு மாதிரி சொன்னான். வீடு முழுவதும் பேரனுக்கு, சர்வ சுதந்திரமாக, இன்றைய தேதியிலிருந்து என்று செட்டில்மெண்ட் பத்திரம் தயாரானது. ஆபீஸ் மரத்தடியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'என் காலத்துக்குப் பிறகு மூன்று சம பங்காக' என்று தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினான். எழுத்துக்கூட்டாமல், தடங்கல் இல்லாமல், காகிதத்தில் இல்லாததை வாசித்தான். தாத்தா தலையாட்டினார். உள்ளே அதிகாரி சம்மதமா என்று கேட்டபோதும் தலையாட்டினார்.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. செய்ததைத் திருப்பும் தைரியமும் வரவில்லை. அடுத்த வருடம் இலவசக் கண் சிகிச்சை முகாம் வந்தபோது அவனே தாத்தாவை அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து கூட்டிவந்தான். அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டான். மனிதனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

பத்து மணி பஸ்ஸில் தைலம்மாள் அத்தை வந்தாள். ஒரு பை நிறைய சாத்துக்குடி. அப்பாவை எட்டிப் பார்த்து, தூங்குகிறார் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள்.

"அருளு, இங்க வாடா."

வந்தான்.

"வியாழக்கிழம எழுதறதப் பத்தி நேத்து தம்பி கலியமூர்த்திகிட்ட போன்ல சண்ட போட்டேன். மூணு பங்கு சமம்னா அது நாயமில்ல. ஏழு மாசமா பீ மூத்திரம் அள்றவன் நீ. நான் வந்தா ரெண்டு நாள் இருந்துட்டு ஓடிடறேன். என் பங்குல பாதிய அருளுக்கு எழுதிடுன்னு சொல்லிட்டேன். அவனுக்குக் கோவம். எனக்கென்ன, என் மனசுக்கு இதான் சரி."

"அதெல்லாம் வேணாம் அத்த."

"வேணாம்னுதான் சொல்லுவ. உன் கொணம் எனக்குத் தெரியாதா?"

அருள்முருகனுக்கு அந்த இடத்திலேயே அத்தையின் காலைப் பிடித்துச் சொல்லிவிடலாம் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவன் மனைவி மாலதி காபியோடு வந்துவிட்டாள்.

மாலதியிடம் அவன் சொல்லி வைத்திருந்த பொய் தனி. வீட்டைத் தாத்தாவே ஆசைப்பட்டு எழுதிக் கொடுத்தார், சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் வருத்தம் இருக்கும், அவர்கள் எதிரில் பேச்செடுக்காதே என்பது கல்யாணமான புதிதில் சொன்னது. வியாழக்கிழமை பதிவு குமராட்சியில் இருக்கிற கால் காணி நிலத்துக்கு என்பது போன வாரம் சொன்னது. அவள் இரண்டையும் நம்பினாள். கேட்டதை நம்புகிற பெண், அதனால் அவளிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

மதியம் தாத்தாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது, தூக்க மாத்திரை அட்டை கையில் வந்தது. வியாழக்கிழமை காலையில் இரண்டு சேர்த்துக் கொடுத்தால் அவரால் பேர் சொல்ல முடியாது. பேர் சொல்ல முடியாதவரிடம் ரிஜிஸ்ட்ரார் பதிவு செய்ய மாட்டார். அப்படி ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்தில் போனது. அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவன் சுவரைப் பார்த்து நின்றான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்று இருந்தது.

மூன்றரை மணிக்குக் கலியமூர்த்தி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பழுப்புக் கவர்.

"காலைலேருந்து நின்னு இப்பதான் குடுத்தான். கண்ணாடிய கடையிலயே வச்சிட்டு வந்துட்டேன், ஒரு எழுத்து தெரியல. அம்மாடி மாலதி, கொஞ்சம் படி. ஒண்ணும் இருக்காது, சம்பிரதாயத்துக்குப் பாக்கறதுதான்."

"நான் பாக்கறேன் சித்தப்பா" என்று அருள்முருகன் கையை நீட்டினான்.

"நீ கை கழுவல. டெட்டால் நாத்தம் அடிக்குது. அது படிக்கட்டும்."

மாலதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். சர்வே எண், நான்கு எல்லை, சதுர அடி. அப்புறம் முதல் பதிவு.

"2009 ஜூன் பதினெட்டு. செட்டில்மெண்ட். எழுதிக் குடுத்தவர் பொன்னுரங்கம். எழுதி வாங்கினவர் அருள்முருகன்."

கலியமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தாள். அத்தை இவனைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, வேறு யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"என்னாடா இது?" என்றார் கலியமூர்த்தி.

மாலதிதான் பதில் சொன்னாள். "சின்ன மாமா, உங்களுக்கு வருத்தம் இருக்கும். ஆனா தாத்தாவே ஆசப்பட்டு எழுதிக் குடுத்தது. இவரு கேக்கல. வேணும்னா அவுங்களையே கேளுங்க."

புருஷனுக்காக அவள் குரல் உயர்ந்து அன்றுதான் அருள்முருகன் கேட்டான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

"ஆசப்பட்டா?" கலியமூர்த்தி சிரித்தார். "மூணு பங்கு, மூணு பங்குன்னு மூணு வருஷமா என்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கற மனுஷன், ஆசப்பட்டு இவனுக்கு எழுதினாரா? உயில் எழுதியாச்சு, அருளுதான் வாசிச்சான்னு சொன்னாரே. எதுக்கும் நேராவே பதிஞ்சிடலாம்னுதான நான் ரிஜிஸ்ட்ராரக் கூப்புட்டேன். இதான் நீ வாசிச்ச உயிலா?"



"கீழ இன்னொண்ணு இருக்கு" என்றாள் மாலதி. குரல் இறங்கியிருந்தது. "2010 மார்ச் இருபத்தி மூணு. செட்டில்மெண்ட் ரத்து. எழுதிக் குடுத்தவர் பொன்னுரங்கம்."

தெருவில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

2010 மார்ச். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். பென்ஷன் ஆபீஸுக்குப் போகிறேன் என்று தாத்தா தனியாக ஒருநாள் பஸ் ஏறியது அருள்முருகனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பும்போது அவனுக்காக பக்கோடா வாங்கி வந்திருந்தார்.

"கெழவன் உனக்கு மேல இருந்திருக்காரு" என்று கலியமூர்த்தி எழுந்தார். "இந்த ரத்து செல்லுமா, செல்லாதான்னு சிதம்பரத்துல வக்கீலப் பாத்துக் கேக்கறேன். எப்பிடி இருந்தாலும் வியாழக்கிழம ரிஜிஸ்ட்ரார் வருவாரு. அதுவரைக்கும் அப்பா மூச்சு இருக்கணும். அது உன் பொறுப்பு. ஊரே மெச்சற பேரனாச்சே."

வாசலைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை தன் பையை எடுத்தாள். சாத்துக்குடிகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துவிட்டுக் காலிப் பையை மடித்தாள்.

"உனக்காகத் தம்பிகிட்ட சண்ட போட்டேன்டா" என்றாள். அவ்வளவுதான். ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தும் கிளம்பிவிட்டாள்.

சமையலறையில் மாலதி கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அருள்முருகன் நிலைப்படியில் நின்றான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட வீட்டுப் பத்திர ஜெராக்ஸ் காட்டுனீங்களே, அது எது?"

"அது ரத்தானது எனக்குத் தெரியாது மாலதி. சத்தியமா தெரியாது."

"ரத்தானது தெரியாது. எழுதினது எப்பிடின்னு தெரியுமில்ல?"

சொன்னான். மரத்தடி, தாத்தாவின் கண், வாசித்தது, எல்லாம் சொன்னான். முதன்முதலாக ஒருவரிடம் சொல்கிறான். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள்.

"குமராட்சி நெலம்?"

"அதுவும் பொய்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "போயி தாத்தாவப் பொரட்டிப் போடுங்க. ரெண்டு மணிக்கே போட்டிருக்கணும்."

உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான். தாத்தா விழித்திருந்தார். அருள்முருகன் இடுப்புக்குக் கீழே கை கொடுத்து இடப்பக்கமாகத் திருப்பினான். எடையே இல்லை.

"காதுல விழுந்துச்சுடா" என்றார்.

அவன் துணியைச் சரி செய்வதுபோலக் குனிந்தே இருந்தான்.

"எப்ப தெரியும் தாத்தா?"

"ஆப்ரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். கேஸ் சிலிண்டர் புக்கு தேடினேன். உன் பெட்டியில அந்தப் பத்திரம் இருந்துச்சு. அட, எழுத்தெல்லாம் தெரியுதேன்னு சந்தோஷமா படிச்சேன்." மூச்சு வாங்கினார். "மூணாவது வரி வரைக்கும் சந்தோஷமாத்தான் படிச்சேன்."

"என்ன ரெண்டு அறை விட்டிருக்கலாமே."

"விட்டா? நீ மூஞ்சில முழிக்க முடியாம போயிருப்ப. செம்மங்குப்பம் பக்கம் ரூம் எடுத்துப்ப. கலியமூர்த்தி என்ன வச்சிக்க மாட்டான். தைலம் வீட்டுல மருமவன் இருக்காரு, அங்க போயி நான் ஒக்கார முடியுமா? எனக்கு யாருடா கஞ்சி ஊத்துவா?"

அருள்முருகன் நிமிரவில்லை.

"அதான் ரத்து பண்ணிட்டு வாய மூடிக்கிட்டேன். வீடு உன்னுதுன்னு நீ நெனச்சிக்கிட்டு இருந்தாத்தான் என்னப் பாத்துப்பன்னு நெனச்சேன். நெனச்சது தப்பாடா?"

தப்பு தாத்தா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். இந்த ஏழு மாதத்தில் அவரைக் கழுவிவிட்ட ஒவ்வொரு நாளும் வீட்டை நினைத்தானா? இல்லை. ஒருநாளும் நினைக்கவில்லையா? அதுவும் இல்லை. எந்தெந்த நாள் என்று அவனுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை இவரிடம் மறுபடியும் தடங்கல் இல்லாமல் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமலே இருந்துவிட்டான்.

தாத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். பதில் வராது என்று தெரிந்துகொண்ட மாதிரி கண்ணை மூடினார்.

"நானும் யோக்கியன் இல்லடா. பொண்ணு பாக்கப் போனப்ப மாலதியோட அப்பா என்னத் தனியா கூப்புட்டுக் கேட்டாரு. பெரியவரே, வீடு பையன் பேர்லதானன்னு. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே ரத்து பண்ணவன் நானு. ஆமான்னேன். ஒரு பொண்ணு வந்தா வீட்டுல அடுப்பு எரியும், எனக்கும் ஒரு வாய் கெடைக்கும்னு ஆமான்னேன்."

திரை அசைந்தது. மாலதி கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியதில்லை, முகத்திலேயே இருந்தது.

அவள் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பூனால் ஊட்டினாள். தாத்தா அவளைப் பார்க்காமல் நான்கு வாய் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டாள். எழுந்து வெளியே போனாள்.

கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. போனில் பேசினாள்.

"அப்பா, நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு வாங்க. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேர்ல சொல்றேன். அம்மாவ அழைச்சிக்கிட்டு வராதீங்க, நீங்க மட்டும் வாங்க."

போன் வைக்கும் சத்தம் வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன் தாத்தா" என்றான் அருள்முருகன்.

"நீ சொல்லாத. நீ சொல்றத இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. என்னத்தான் அவரு கேட்டாரு. நான்தான் சொல்லணும்." கையை ஊன்றப் பார்த்தார், முடியவில்லை. "என்ன ஒக்கார வை."

"இப்பவா? ஒரு மாசமா ஒக்காரல தாத்தா. புண்ணு வலிக்கும்."

"நாளைக்கு அவரு வரப்ப நான் ஒக்காந்திருக்கணும். படுத்துக்கிட்டு சொல்ற பேச்சு இல்லடா அது. இப்பவே பழகிப் பாக்கறேன், தூக்கு."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தான். தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையை எடுத்ததும் மெதுவாகச் சரிந்தார். அருள்முருகன் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். மறுபடியும் சரிந்தார்.

"இன்னொண்ணு வை" என்றார்.